ஸாம்பியாவும் சீன மூலதனமும்

இந்து மகாசமுத்திரக் கரையிலுள்ள தார் எஸ் ஸலாம் துறைமுகத்திலிருந்து ஸாம்பியா தேசத்தின் கபிரி ம்போஷி நகரம் வரையில் 1,860 கிலோமீட்டர் தூரம் செல்லும் டஸாரா ரயில் பாதையைச் செப்பனிட்டு நடத்தும் உரிமை, 2025-ம் வருஷத்தில் ஒரு சீன சர்க்கார் கம்பெனிக்கு 30 வருஷ காலத்திற்கு அளிக்கப்பட்டது. அக்கம்பெனி சுமார் 140 கோடி டாலர் முதல் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. பாதையின் சொந்தக்காரர்களான டான்ஸானியா, ஸாம்பியா சர்க்கார்கள் இதனைப் புது வாழ்வின் தொடக்கமென்று கொண்டாடுகின்றன. சீனா ஆப்பிரிக்காவில் செய்யும் எதைக் கண்டாலும், ‘கடன் வலை’ என்று கூவுவது மேல்நாட்டார் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இவ்விரு கூற்றுகளில் எதையும் அப்படியே ஏற்க நாம் தயாராயில்லை. அந்நியருடைய பணத்தை வாங்குவதனாலேயே ஒரு ஏழைத் தேசம் அடிமையாகிவிடுவதில்லை. வாங்க மறுப்பதனாலேயே அது சுபிட்சமடைந்துவிடுவதுமில்லை. என்ன ஷரத்தின் பேரில் வாங்கினார்கள், அந்த ஷரத்து கடனைத் தீர்க்கப்போகும் ஜனங்களுக்குத் தெரியுமா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். ஸாம்பியாவின் 60 வருஷ அநுபவம் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டுகிறது.

1964-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி ஸாம்பியா சுதந்திரமடைந்தது. அதன் செல்வமெல்லாம் பூமிக்கடியிலுள்ள தாமிரம். ஆனால் அத்தேசத்திற்குக் கடற்கரை கிடையாது. தாமிரம் கடலை அடைய வேண்டுமானால், தெற்கே வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த ரொடீஷியா வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. 1965-ம் வருஷம் நவம்பர் மாதம் 11-ந் தேதி ரொடீஷிய வெள்ளையர், கறுப்பு ஜனங்களுக்கு உரிமை வழங்க மனமின்றி, தாங்களாகவே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டார்கள். ஸாம்பியாவின் குரல்வளை அவர்கள் கையில் அகப்பட்டது. வடகிழக்கே நட்பு நாடான டான்ஸானியாவுக்கு ஒரு ரயில் பாதை போடவேண்டுமென்று ஜனாதிபதி கென்னத் கௌண்டாவும் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயும் விரும்பினர். இத்திட்டம் லாபம் தராது என்று உலக பாங்கி கைவிரித்துவிட்டது. மேல்நாட்டு சர்க்கார்களும் முன்வரவில்லை.

அப்பொழுது முன்வந்தது சீனா. அக்காலத்துச் சீனா செல்வம் படைத்த தேசமன்று. தன் ஜனங்களுக்கே போதிய உணவும் உடையும் அளிக்கத் திண்டாடிக்கொண்டிருந்த தேசம். 1967-ம் வருஷம் பீகிங்கில் ஒப்பந்தம் ஆயிற்று. 1970-ல் வேலை தொடங்கி 1975-ல் முடிந்தது. மறு வருஷம் பாதை இரு சர்க்கார்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. காடும் மலையும் சதுப்பு நிலமும் கடந்து, பல்லாயிரம் ஆப்பிரிக்கத் தொழிலாளிகளும் சீனத் தொழிலாளிகளும் ஒன்றாக உழைத்து இதனை நிறைவேற்றினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சீனர்கள் அங்கேயே உயிர்நீத்தார்கள். கடன் தொகை 98.8 கோடி யுவான், வட்டி கிடையாது, 30 வருஷத்தில் திருப்பித் தரலாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது மனித தர்மம். ஸாம்பிய ஜனங்கள் இந்த உதவியை நன்றியுடன் நினைப்பதை ஏளனம் செய்ய, அன்று கைவிரித்தவர்களுக்கு யோக்யதை இல்லை.

ஆயினும் நன்றி வேறு, கணக்கு வேறு. டஸாரா வெறும் தானமன்று. சீனாவுக்கும் அதனால் பிரயோஜனமிருந்தது. மேல்நாடுகளும் சோவியத் ரஷ்யாவும் ஒதுக்கி வைத்திருந்த நிலையில் அதற்கு உலகில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். 1971-ம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவுக்கு ஸ்தானம் கிடைத்தபோது ஆப்பிரிக்க நாடுகளின் வோட்டுகள் பேருதவியாயிருந்தன. ரயில் வேலையில் உள்நாட்டுச் செலவுக்கான பணம், சீனச் சாமான்களை அந்நாடுகளில் விற்றே திரட்டப்பட்டது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. எந்த ராஜ்யமும் தன் நலத்தை மறந்து அயலாருக்கு உதவுவதில்லை. முக்கியமான விஷயம் வேறு. அந்தப் பாதையைக் கேட்டது ஆப்பிரிக்கா. எதற்காகக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்டது. எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பதை அதுவே தீர்மானித்தது. கொடுத்தவனுடைய சௌகரியத்திற்காகப் போட்ட பாதையன்று அது.

நல்ல நோக்கத்துடன் போட்ட பாதையும் நல்ல நிர்வாகமின்றி நிலைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வருஷத்திற்கு 20 லட்சம் டன் சரக்கு ஏற்றுவதற்காக அமைக்கப்பட்ட டஸாரா, 1970-களின் பிற்பகுதியில் 12 லட்சம் டன் வரை எட்டியது. பிறகு இறங்குமுகந்தான். 1978-ல் ஸாம்பியா தெற்கு வழியைத் திரும்பத் திறந்தது. 1980-ல் ரொடீஷியா ஜிம்பாப்வேயாக விடுதலை பெற்றது. பாதை எந்த நெருக்கடிக்காகப் பிறந்ததோ அந்த நெருக்கடி தீர்ந்தது. இரு சர்க்கார்களும் ரயில் வண்டிகளைப் பழுது பார்க்கவும் இஞ்சின்களைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கவில்லை. 2014-15-ல் ஏற்றிய சரக்கு 1 லட்சம் டன்னுக்கும் குறைவு. இந்த வீழ்ச்சிக்குச் சீனாவைக் குறை கூறுவது நியாயமன்று. அந்நியன் கட்டிக் கொடுக்கலாம். காப்பாற்ற வேண்டியவன் சொந்தக்காரன்.

இனி இரண்டாவது அத்தியாயம். புதிய நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கு வந்த சீனா பழைய சீனா அன்று. தொழிற்சாலைகள் நிறைந்த, கச்சாப் பொருளுக்கு ஓயாத பசியுள்ள, கையில் மிகுந்த டாலர் வைத்திருந்த பெருந்தேசம் அது. 2000-ம் வருஷத்தில் பீகிங்கில் சீன-ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மகாநாடு ஆரம்பமாயிற்று. 2009 முதல் ஆப்பிரிக்காவுடன் மிக அதிகமாக வியாபாரம் செய்யும் தேசம் சீனாவே. 2000 முதல் 2023 வரையில் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சீனா வழங்கிய கடன் சுமார் 18,200 கோடி டாலர் என்று பாஸ்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதனால் ஆன ரஸ்தாக்களும் மின்சார நிலையங்களும் கற்பனையல்ல. ஸாம்பியாவிலேயே காபுவே ஆற்றின் குறுக்கே 750 மெகாவாட் மின்சார நிலையமும், வெள்ளம் புரளும் பரோட்ஸே சமவெளியைக் கடந்து மோங்குவிலிருந்து கலாபோவுக்குச் செல்லும் ரஸ்தாவும் சீனக் கம்பெனிகள் கட்டியவை. மேல்நாடுகள் பல வருஷம் உபதேசம் செய்துகொண்டிருந்த இடத்தில், சீனர்கள் சிமெண்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆப்பிரிக்க ஜனங்கள் எதை விரும்பியிருப்பார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இக்கடன்கள் டஸாரா கடனைப் போன்றவையல்ல. வட்டி உண்டு, சில கடன்களுக்கு வர்த்தக பாங்கிகள் விதிக்கும் வட்டியே உண்டு. கடன் கொடுப்பது சீன பாங்கி. அக்கடனைக் கொண்டு வேலை செய்வது சீனக் கம்பெனி. சாமான்களும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வரும். பணம் பீகிங்கில் புறப்பட்டுப் பீகிங்கிலேயே சென்று சேருகிறது. கடன் மட்டும் லுஸாகாவில் தங்குகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகும், வேறு யாராவது குறைந்த தொகைக்குச் செய்வார்களா என்று பகிரங்கமாக டெண்டர் கோரிப் பார்க்க இம்முறையில் இடமில்லை. இதுவே முதல் தீமை.

இரண்டாவது தீமை ரகசியம். ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா முதலிய கண்டங்களின் நாடுகள் சீன ஸ்தாபனங்களுடன் செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2021-ம் வருஷம் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவற்றுள் 2014-க்குப் பின் கையெழுத்தானவை அனைத்திலும், ஷரத்துகளை வெளியிடலாகாது என்ற விதி காணப்பட்டது. பிரஜைகளின் வரிப்பணத்திலிருந்து தீர்க்கவேண்டிய கடனைப் பிரஜைகளிடமே மறைக்கவேண்டும் என்பது இதன் பொருள். இத்தகைய ஷரத்தைக் கேட்பவன் மேல் ஒரு பங்கு குற்றமென்றால், கையெழுத்திடும் மந்திரியின் மேல் இரண்டு பங்கு குற்றம். கேட்பவன் தன் தேசத்தின் நலத்தைப் பார்க்கிறான். கையெழுத்திடுகிறவன் தன் தேசத்தை மறந்துவிடுகிறான்.

ஸாம்பியாவுக்கு இதனால் என்ன நேர்ந்தது? 2005-06-ல் அதன் பழைய வெளிநாட்டுக் கடனில் பெரும் பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. தேசம் புதிதாகக் கணக்குத் தொடங்கும் நிலையிலிருந்தது. தாமிர விலையும் உயர்ந்தது. சர்க்கார் 2012, 2014, 2015 ஆகிய மூன்று வருஷங்களில் மேல்நாட்டுச் சந்தைகளில் 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் விற்றது. அதே சமயத்தில் ரஸ்தாக்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மின்சாரத்திற்கும் சீன பாங்கிகளிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் வாங்கியது. 2015-ல் தாமிர விலை சரிந்தது. குவாச்சா நாணயத்தின் மதிப்பும் சரிந்தது. கடன் டாலரில், வருமானம் குவாச்சாவில். 2020-ம் வருஷம் நவம்பர் மாதம் 13-ந் தேதி, கடன் பத்திரங்களுக்குச் செலுத்தவேண்டிய 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட இயலாமல் ஸாம்பியா சர்க்கார் கைவிரித்தது.

அச்சமயத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆறு மாத அவகாசம் கோரியபோது பத்திரதாரர்கள் மறுத்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று, சீன பாங்கிகளுக்கு எவ்வளவு பாக்கி, என்ன ஷரத்து என்பது தெரியவில்லை; நாங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் அவர்களுக்குப் போய்ச் சேராதென்பதற்கு உத்தரவாதம் எங்கே என்பது. மறைத்து வாங்கிய கடன், அவகாசம் கேட்கும் வாயையும் அடைத்துவிட்டது. 2021 ஆகஸ்டு தேர்தலில் ஆட்சி மாறியது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின், சீன ஸ்தாபனங்களுக்குரிய பாக்கி சுமார் 660 கோடி டாலர், அதாவது முந்திய சர்க்கார் சொல்லிவந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒரு தேசத்தின் ஜனங்கள் தங்கள் கடன் எவ்வளவு என்பதை வேறொரு கண்டத்துச் சர்வகலாசாலையிடமிருந்து தெரிந்துகொள்ள நேருவதைவிட அவமானம் வேறென்ன?

சமரசம் காண இரண்டரை வருஷம் பிடித்தது. சீனாவும் பிரான்ஸும் கூட்டாகத் தலைமை வகித்த கமிட்டி, 2023 ஜூன் மாதம் பாரிஸில் 630 கோடி டாலர் சர்க்கார் கடனுக்கு நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் அளிக்க இசைந்தது. அதில் சுமார் 410 கோடி டாலர் சீன ஏற்றுமதி-இறக்குமதி பாங்கிக்கு உரியது. பத்திரதாரர்களுடன் உடன்பாடு நிறைவேற 2024 ஆயிற்று. சீனா கடனுக்காக ஸாம்பியாவின் சொத்தைப் பறிமுதல் செய்யவில்லை. தேசத்தின் மின்சார ஸ்தாபனம் பறிபோகிறது என்று 2018-ல் எழுந்த வதந்தி மெய்யாகவில்லை. ‘கடன் வலை’ என்று கூவுகிறவர்கள் இதனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வருஷங்களில் பள்ளிக்கூடத்திற்கும் வைத்தியசாலைக்கும் மருந்துக்கும் குறைந்த பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நாட்டைப் பறிகொடுப்பது ஒன்றே நஷ்டமன்று. காலத்தைப் பறிகொடுப்பதும் நஷ்டந்தான்.

சுரங்கங்களின் கதையும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. மூடிக் கிடந்த சாம்பிஷி தாமிரச் சுரங்கத்தைச் சீன சர்க்கார் கம்பெனி 1998-ல் வாங்கித் திறந்தது. 2005-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அங்கிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்து, ஸாம்பியத் தொழிலாளிகள் ஐம்பது பேர் வரை மாண்டார்கள். கோபம் பொங்கியது. சீன எதிர்ப்பை முழக்கிய மைக்கேல் ஸாட்டா 2006 தேர்தலில் தோற்றாலும் தாமிரப் பிரதேசத்தில் பெரும் ஆதரவு பெற்றார். மறு வருஷம் சீன ஜனாதிபதி ஹூ ஜிந்தாவ் ஸாம்பியா வந்தபோது தாமிரப் பிரதேசத்திற்குச் செல்லும் திட்டம் கைவிடப்பட்டது. இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்து பிற கம்பெனிகள் ஆட்களை நீக்கிய வேளையில், சாம்பிஷியில் ஆட்குறைப்புச் செய்யவில்லை. மூடப்பட்ட லுவன்ஷ்யா சுரங்கத்தையும் 2009-ல் சீனர்களே எடுத்துத் திறந்தார்கள். 2011-ல் ஜனாதிபதியான ஸாட்டாவும் சீனர்களை அரவணைத்தே ஆண்டார். கோஷம் தேர்தலோடு தீர்ந்துவிடுகிறது. சட்டமும் சோதனை உத்தியோகஸ்தர்களுமே சுரங்கத் தொழிலாளியின் உயிரைக் காப்பவர்கள்.

அச்சட்டம் இன்னும் பலமற்றதாயிருக்கிறது என்பதற்கு 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ந் தேதி நடந்த சம்பவமே சாட்சி. சாம்பிஷிக்கு அருகில், சீன சர்க்கார் கம்பெனியின் கிளையான சினோ-மெட்டல்ஸ் நடத்தும் தாமிரத் தொழிற்சாலையில், அமிலக் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்தது. கோடிக்கணக்கான லிட்டர் விஷநீர் ஓடைகளில் பாய்ந்து காபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கரையோரத்துக் குடியானவர்களின் பயிர் கருகியது. கிட்வே நகரத்திற்குக் குடிதண்ணீர் நிறுத்தப்பட்டது. ஸாம்பிய ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்வது அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில். அணையைப் பரிசோதித்தவர் யார், எப்பொழுது பரிசோதித்தார், அறிக்கை எங்கே என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இது சீனருக்கே உரிய குற்றம் என்று எண்ணுவது தவறு. இந்திய முதலாளி ஸ்தாபித்த வேதாந்தா கம்பெனி 2004-ல் ஸாம்பியாவின் கொன்கோலா தாமிரச் சுரங்கங்களைக் கைக்கொண்டது. அதன் கழிவால் தங்கள் நீரும் நிலமும் கெட்டன என்று சிங்கோலாப் பகுதிக் கிராமவாசிகள் தொடுத்த வழக்கை லண்டனில் விசாரிக்கலாம் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது; குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி 2021-ல் சமரசம் செய்துகொண்டது. அதே குழுவின் தூத்துக்குடித் தாமிரத் தொழிற்சாலையை மூடும்படி நம் மாகாண சர்க்கார் 2018-ல் உத்தரவிட்டதைத் தமிழ் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூலதனத்திற்கு ஜாதியும் இல்லை, நிறமும் இல்லை. கட்டுப்படுத்தும் சர்க்கார் இருக்குமிடத்தில் அது ஒழுங்காக நடக்கும். இல்லாத இடத்தில் எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் ஆற்றைக் கெடுக்கும்.

மூன்றாவது தீமை மிகப் பழமையானது. ஸாம்பியாவின் ஏற்றுமதியில் சுமார் 70 சதவீதம் இன்றும் தாமிரமே. அது கட்டியாகவும் தகடாகவும் வெளியேறுகிறது; கம்பியாகவும் மோட்டாராகவும் மின்சார இயந்திரமாகவும் திரும்பி வருகிறது. வெள்ளையர் காலத்தில் தொடங்கிய இந்த முறையைச் சீனர்கள் உண்டாக்கவில்லை. ஆனால் மாற்றவும் இல்லை. டஸாராவுக்குப் போட்டியாக, தாமிரப் பிரதேசத்திலிருந்து மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்திற்குச் செல்லும் ரயில் வழியை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆதரிக்கின்றன. கிழக்கே ஒரு வழி, மேற்கே ஒரு வழி. இரண்டும் சுரங்கத்திலிருந்து கப்பலுக்குச் செல்லும் வழிகள். கம்பி இழுக்கும் ஆலையும், இயந்திரம் செய்யும் பட்டறையும், அவற்றில் வேலை செய்யத் தேர்ச்சி பெற்ற இளைஞர்களும் ஸாம்பியாவிலேயே தோன்றாவிட்டால், வழி இரண்டானாலும் நான்கானாலும் வறுமை ஒன்றேயாயிருக்கும்.

எனினும் இந்தப் போட்டி ஸாம்பியாவுக்கு ஒரு வாய்ப்பு. 1965-ல் அதற்கு உதவ ஒருவர்தான் இருந்தார். இன்று இருவர் வாசலில் நிற்கிறார்கள். சீனாவும் முன்போல் அள்ளிக் கொடுப்பதில்லை. 2016-ல் 2,800 கோடி டாலரைத் தாண்டிய அதன் ஆப்பிரிக்கக் கடன், 2022-ல் 100 கோடி டாலருக்கும் குறைந்தது. மறு வருஷம் 460 கோடியாயிற்று. டஸாராவின் புதிய ஏற்பாடும் கடனைக் காட்டிலும் குத்தகையை ஒத்திருக்கிறது. கடனுக்கு ஒரு தொகை உண்டு. குத்தகையின் லாப நஷ்டமோ ஷரத்துகளின் மூலைமுடுக்குகளில் ஒளிந்திருக்கும். ஆதலால் பேரம் பேசுவதில் முன்னிலும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

அந்தப் பேரத்தில் கேட்கவேண்டியவை எவை? சுரங்கக் கம்பெனியின் தாமிரத்திற்கும் குடியானவனுடைய சோள மூட்டைக்கும் ஏற்று கூலி எவ்வளவு, அதை உயர்த்தும் அதிகாரம் யாருக்கு? இஞ்சின் ஓட்டவும் பழுது பார்க்கவும் நிர்வகிக்கவும் எத்தனை ஆப்பிரிக்கர்களைப் பயிற்றுவிப்பார்கள், எந்த வருஷத்திற்குள்? சரக்கு குறைந்து நஷ்டம் வந்தால் அதைத் தாங்குபவர் யார்? 30 வருஷம் கழிந்தபின் பாதையும் வண்டிகளும் எந்த நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படும்? தகராறு நேர்ந்தால் எந்தத் தேசத்து நியாயஸ்தலம் தீர்க்கும்? இவற்றுக்குரிய விடைகள் ஒவ்வொன்றும் லுஸாகாவிலும் தார் எஸ் ஸலாமிலும் கடைவீதியில் கிடைக்கும் பத்திரிகையில் அச்சாக வேண்டும். பார்லிமெண்டில் விவாதிக்கப்படாத எந்த ஷரத்தும் ஜனங்களைக் கட்டுப்படுத்தலாகாது.

இந்த விதி சீனாவுக்கு மட்டுமன்று. லோபிட்டோ வழியை ஆதரிக்கும் மேல்நாடுகளுக்கும், ஏற்றுமதி-இறக்குமதி பாங்கியின் மூலம் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடன் வழங்கிவரும் நமது இந்தியாவுக்கும் அது பொதுவானது. டெல்லியில் 2015-ல் கூடிய இந்திய-ஆப்பிரிக்க மகாநாட்டில் நம் சர்க்கார் 1,000 கோடி டாலர் சலுகைக் கடன் தருவதாக வாக்களித்தது. கடன் பட்டும், அந்நிய மூலதனத்தின் கீழ் ரயில் பாதை கண்டும் வளர்ந்த தேசம் நம்முடையது. நாம் கொடுக்கும் கடனின் ஷரத்துகளை வாங்கும் நாட்டு ஜனங்கள் படிக்கும்படி நாமே வெளியிட்டால், சீனாவைக் குறித்துப் பேசும் தகுதி நமக்கு உண்டாகும்.

ஸாம்பியாவுக்குத் தாமிரம் உண்டு, ஆறு உண்டு, சுமார் 2 கோடி ஜனங்களின் உழைப்பும் உண்டு. அதற்கு அந்நியருடைய பணம் இன்னும் சில காலம் வேண்டியிருக்கும், அதில் வெட்கமில்லை. யாரிடம் வாங்குவது என்பதை அத்தேசமே தீர்மானிக்கட்டும். ஆனால் வாங்கும் பத்திரத்தைத் தன் ஜனங்களின் முன் உரக்கப் படித்த பிறகே அதன் மந்திரிகள் கையெழுத்திட வேண்டும். அவ்வாறு படிக்கக் கூசும் பத்திரம் எதுவோ, அது கையெழுத்திடத் தகாத பத்திரம்.